விறகுக் காணிக்கை

ஆசீர்வாதம் முடிவதற்குள்
ஆர்லோ கையுறை மாட்டிவிட்டார்.
மெய்னில் அக்டோபர் யாருக்கும் காத்திருப்பதில்லை;
மேப்பிள் பாதி உதிர்ந்தாயிற்று.

பாட்டு வராத தெல்மாவுக்குக்
கோடரியில் மட்டும் தாளம் தப்புவதில்லை.
போதகரின் அங்கி ஆணியில்,
தாடியில் மரத்தூள்.
பூசணி சூப், ஒரே அகப்பை, முப்பது பேர்.

கடைசி லோடு யாருக்கு?
பட்டியலை வாசித்தவள் நிறுத்தினாள்:
விட்காம்ப்.
ஆலயத்துக் கம்பளத்தின் நிறத்துக்காகச் சண்டையிட்டு
ஆறு வருடமாய்ப் படியேறாதவர்.

சுவரோரம் அடுக்கினோம்.
திரைச்சீலை அசையவில்லை.
வண்டியைக் கிளப்பும்போது ஆர்லோ முணுமுணுத்தார்:
"பச்சையே போட்டிருக்கலாம்."

பின்கண்ணாடியில் பார்த்தேன்.
செருப்பில்லாமல் வெளியே வந்து
இரண்டு கட்டைகளைத் தட்டிக் கேட்கிறார்,
காய்ந்ததுதானா என்று.