எண்பது சென்டிமீட்டர்

தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில்
சுற்றளவு எடுக்க வேண்டும், அதுதான் சட்டம்.
அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் முட்டி போடுகிறேன்.
தூரத்திலிருந்து பார்த்தால் பக்தி.
கிட்டே வந்தால் மஜ்லிஸ் சட்டை,
காலுறைக்குள் திணித்த கால்சட்டை,
அட்டைக்காகத் தேய்த்த புகையிலைத் தண்ணீர் நாற்றம்.

நிலம் ஓங் பூன் ஹெங்குடையது.
பத்து கெலாடியின் பழைய பாலாலைக்குப் பின்னால்
ஏழு ஏக்கர்.
கித்தா போட்டவனும் தொடவில்லை
செம்பனை போட்டவனும் தொடவில்லை,
சரிவாக இருப்பதால் தப்பித்த காடு.

என் நிலம், என் மரம், உங்களுக்கு என்ன என்று
ஆட்சேபக் கடிதம் போட்டிருக்கிறார்.
மூன்று பக்கம், வக்கீல் மலாய்.
நியாயமான கேள்விதான்.
பக்கத்துக் குன்றை மொட்டையடித்த பிறகு
போன டிசம்பரில்
தாமான் செந்தோசாவின் இரண்டாவது வரிசைக்குள்
குளிர்பெட்டி உயரத்துக்கு வந்த சேறு
அந்தக் கடிதத்தைப் படித்திருக்காது.

நாடாவின் மறுமுனை வடமலை கையில்.
முதலாளி அனுப்பிய ஆள்.
ஒரு மரம்கூட நான் கூட்டி எழுதக் கூடாது,
அதற்குத்தான் அவன்.

தெம்புசு, இருநூற்றுப் பத்து.
கெராஞ்சி, நூற்று முப்பத்தாறு.
அடுத்தது நூற்று நாலு, பெயர் தெரியவில்லை.
"காட்டு மரம்னு எழுதுங்கக்கா."
எல்லாமே காட்டு மரம்தான் வடமலை,
பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அளந்ததும் சிவப்புச் சாயத்தில் எண்.
பதினான்காவது மரத்தில் கை நின்றது.
இதே சிவப்பு,
நாலின் கால் வழிந்து இறங்கிய இதே பதினாலு
எங்கள் லயத்துக் கதவில் இருந்தது.
ஒன்பது வயது எனக்கு.
எண் போட்ட வீடுகளை எல்லாம் இடித்தார்கள்.
எண் போட்ட மரங்களை வெட்டக் கூடாது.
"என்னக்கா, சாயம் முடிஞ்சிருச்சா?"
கட்டியாகிவிட்டது என்று சொல்லி
குச்சியால் ரொம்ப நேரம் கலக்கினேன்.

ஓடையோரத்தில் ஒரு ஜெலுத்தோங்.
எழுபத்தெட்டு.
மறுபடியும் பிடித்தோம், எழுபத்தெட்டு.
எண்பதைத் தாண்டினால்தான் ஆணைக்குள் வரும்.
ரெண்டு மழைக்காலம் போனால்
தானே தாண்டிவிடுகிற மரம்.
பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது.

அடியிலிருந்து ஏறிய கொடி ஒன்று
மரத்தோடு ஒட்டிக் கிடந்தது,
என் கட்டைவிரலை விடத் தடிப்பம்.
இரண்டு தடவையும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான்
நாடாவை உள்ளே விட்டோம்.
மூன்றாவது தடவை ஏன் அளந்தோம்
என்று யாராவது கேட்டால் தெரியாது என்பேன்.
கொடி அவன் பக்கம் இருந்தது.
அவன் இழுக்கவில்லை.
ஓடையைப் பார்த்துக்கொண்டே
"எவ்ளோக்கா?" என்றான்.

நாடாவில் இருந்ததைத்தான் படித்தேன்.
எண்பத்தொன்று.

நாற்பத்தொன்று என்று மரத்தில் எழுதினேன்.
காய்வதற்குள் ஒரு கட்டெறும்பு
ஒன்றின் உச்சியில் ஒட்டிக்கொண்டு
கால்களை உதறியது.
எடுத்து விட்டேன், எண் கொஞ்சம் இழுபட்டது.

மோட்டார்சைக்கிள் நிறுத்திய இடத்தில்
பெட்ரோல் டாங்கியின் மேல் பாரத்தை விரித்து
சாட்சி என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டான்,
அழுத்தி, எழுத்தெழுத்தாக,
கீழே இருந்த தாளிலும் பதியும்படி.

முகவரி எழுத வேண்டும், கேட்டேன்.
"தாமான் செந்தோசா."
எந்த வரிசை?
ஹெல்மெட்டை மாட்டினான்,
வாரைத் தேடினான், கிடைத்தது, பூட்டினான்.

"ரெண்டு."