குலுக்கல்

தாணப்பனின் கார் ஆறு இரவாய்க் கத்துகிறது.
வீடு புளியரையில், லாட்டரிக் கடை ஆரியங்காவில்.
டிக்கியில் விற்காத சீட்டுக் கட்டு.
நாளை மத்தியானம் குலுக்கல்,
அதுவரைக்கும் அதைக் காகிதம் என்று சொல்லக்கூடாது.

புனலூரிலிருந்து கைமாறி வந்த வண்டி.
முந்தின சொந்தக்காரன் ரொம்பப் பயந்தவன் போல.
நாலு கதவுக்கும் சுவிட்ச், பானெட்டுக்கு ஒன்று,
கண்ணாடி உடைந்தால் கேட்க ஒரு மைக்,
உள்ளே அசைவு பார்க்க இரண்டு கண்,
ஸ்டியரிங்குக்குக் கீழே
குலுங்கினால் சொல்ல ஒரு சென்சார்.
இத்தனை காவலுக்கும் வாய் ஒன்றுதான்.
கத்தும்.
கத்தச் சொன்னது யாரென்று சொல்லாது.

"ராத்திரி டூட்டி முடிச்சு வந்து படுத்தா
பகல்லயும் கத்துது அண்ணாச்சி,
வார்டே தேவலை" என்றாள்
எதிர்வீட்டு நர்ஸ் எமீமாள்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று.
ஒரு வயரைக் கழற்று, ஒரு ராத்திரி காத்திரு.
செவ்வாய், பானெட் சுவிட்ச். கத்தியது.
இது நிரபராதி என்று திருப்பி மாட்டினேன்.
புதன், மைக். கத்தியது.
வியாழன், அந்த இரண்டு கண். கத்தியது, மூன்று தடவை.
வெள்ளி, குலுங்கும் சென்சார்.
சனி விடியும்போது
எல்லாரையும் விடுதலை செய்துவிட்டு
டெஸ்ட் லாம்பைப் பிடித்தபடி
நான்தான் குற்றவாளி மாதிரி நின்றேன்.

செக்போஸ்ட்டில் லாரி வரிசை.
ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.
எனக்குத் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருந்ததால்.
காதுக்குத் தெரியவில்லை.
பின்னால் இன்னொருவன் அழுத்திக்கொண்டிருந்தான்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

எல்லாவற்றையும் கழற்றினேன்.
அன்றிரவு கார் வெறும் கார்.
தாணப்பன் சீட்டுக் கட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்.
மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சேர்த்தேன்.

பானெட் பின் பச்சை பூத்திருந்தது.
சாரல் பட்டால் மூடியிருந்தும் திறந்ததாய்ச் சொல்லும்.
உப்புத்தாள், கொஞ்சம் கிரீஸ்.

மைக் யோக்கியன். இப்போதும் சொல்கிறேன்.

உள்ளே அசைந்தது சாஸ்தா.
முன்கண்ணாடியில் தொங்கும் டாலர்,
புழுக்கத்துக்கென்று ஒரு விரல் இறக்கிய ஜன்னல்,
கணவாய்க் காற்று.
"அவர எறக்க முடியாது வே,
அவருதான் காவல்" என்றார் தாணப்பன்.
சரி என்று ஜன்னலை ஏற்றினேன்.

கடைசியில் குலுங்கும் சென்சார்.
இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள்.
அதையும் சைரனையும்
ஒரே தகட்டில் முடுக்கியிருந்தான் எவனோ.
முதல் அலறலுக்கு எப்படியும் ஒரு காரணம் இருக்கும்,
மழை, லாரி, மேலே விழுந்த தேங்காய் மட்டை.
இரண்டாவது அலறலுக்குக் காரணம் முதலாவது.
தன் சத்தத்தில் தானே அதிர்ந்து
விடியும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
சைரனை இந்தப் பக்கம் மாற்றினேன்,
அடியில் சைக்கிள் டியூப் ஒரு துண்டு.

மிச்சம் ஒரு சின்னத் திருகு.
எவ்வளவு ஆடினால் திருடன்,
எவ்வளவு வரைக்கும் காற்று
என்று அதனிடம் சொல்ல வேண்டும்.
அம்மியே பறக்கிற மாதம்.
கால் சுற்று இறக்கினேன். கத்தியது.
இன்னொரு கால். கத்தியது.
இன்னும் ஒரு கால்.
தாணப்பன் பானெட்டில் தட்டினார். சும்மா இருந்தது.
நானும் தட்டினேன், கொஞ்சம் ஓங்கி.
சும்மா இருந்தது.
"இப்பத்தான் சரி" என்றார்.
அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.
எனக்கு அடிவயிற்றில் என்னவோ.

"புரட்டாசில காத்து நிக்கும், கொண்டாங்க.
முக்கால் சுற்று ஏத்தணும்.
மறந்துராதீங்க, பைசா வேண்டாம்."

அறுநூறு கேட்டேன்.
ஐந்நூறும் அந்த வாரச் சீட்டு ஒன்றும் தந்தார்.
சீட்டில் விழவில்லை.

இன்று ஐப்பசி ஏழு.
மெயின் ரோட்டோரம் நிற்கிறது அந்தக் கார்,
ஒரு இலை அசையவில்லை.
தாண்டிப் போகும்போது
கதவில் லேசாய்ச் சாய்ந்து பார்த்தேன்.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்,
நன்றாகவே குலுக்கினேன்.