கதைத்தல்

எங்கள் ஊரில்
பேசுதல் என்றால் திட்டுதல்.
வெளியூர்க்காரர் யாரும் வந்து
"உங்களோடு கொஞ்சம் பேசவேண்டும்" என்றால்
நெஞ்சு ஒருக்கால் திடுக்கிடும்.
மற்றதெல்லாம் கதைத்தல்.

பதினேழு வருடம் நான் பேசினேன்.
திருநெல்வேலியில் தகரக் கொட்டகை,
காலை ஐந்தரை, கையில் மைக்,
முந்நூற்றிருபது பிள்ளைகளுக்கு இரசாயனவியல்.
தசமப் புள்ளி பிசகினால் பேச்சு.
கொட்டாவி விட்டால் பேச்சு.
இரவு வீடு வந்து
கறியைச் சூடாக்காமல் சோற்றைத் தின்றபடி
எனக்கு நான் பேசுவேன்:
கடைசி வாங்கில் ஒரு முகம் விளங்காமல் இருந்தது.
கண்டும் காணாமல் போனாய்.

மாசியில் ஒரு வியாழன்.
சமநிலைத் தாக்கத்தின் இரட்டை அம்புக்குறியில்
மேல் அம்பைக் கீறினேன்.
கீழ் அம்புக்குக் கை வரவில்லை.
பிள்ளைகள் முதலில் பேனையோடு காத்திருந்தார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.
மின்விசிறியின் சத்தம் மைக்கில் பெரிதாய்க் கேட்டது.
பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு
ஸ்கூட்டியில் நாவற்குழிப் பாலம் வரை போனேன்.
அங்கே பெற்றோல் முடிந்தது, அதனால் நின்றேன்.
பெரிய முடிவெல்லாம் ஒன்றுமில்லை.

"ரியூசனை விட்டிட்டாவாம்" என்றது சனம்.
"விசரோ" என்றது, கொஞ்சம் மெதுவாய்.
ஸ்காபரோவிலிருந்து அக்கா
விற்றமின் குளிசை அனுப்பினா.
நான்கு மாதம்
யன்னல் கம்பிகளை எண்ணினேன்.
ஏழு.
ஒவ்வொரு நாளும் ஏழு.

ஆனியில் வீட்டு பிரிஜ் நின்றுபோனது.
திருத்த வந்தவன் அகிலதாசன்,
பதினாறாம் ஆண்டுப் பிரிவு,
இரசாயனவியலில் எஃப்.
அவன் பின்தகட்டைக் கழற்றி வேலைசெய்ய
நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.
எதையும் எண்ணாமல் ஒரு மணித்தியாலம் போயிருந்தது.
"கடைக்கு ஆள் தேவையோ?"
பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

இப்போது கொக்குவில் சந்திக்குக் கிட்ட
அவன் கடையில் நான் வேலை பழகும் ஆள்.
வாயு விதிகள் எனக்குத் தெரியும்.
செப்புக் குழாய்க்கு என்னைத் தெரியாது.
செவ்வரத்தம்பூ நிறம் வந்தவுடன்
நெருப்பை எடுத்துவிட வேண்டும்.
நான் எடுக்கப் பிந்துவேன்.
மூன்றாம் தரமும் குழாய் ஓட்டை.
கோண்டாவில் கடைக்காரரின் ஐஸ்பழப் பெட்டி,
நாளைக்கே வேண்டும் என்று தந்தது.

உள்ளே மைக் தொடங்கிவிட்டது:
நாற்பத்திமூன்று வயது.
படிச்சென்ன, படிப்பிச்சென்ன,
ஒரு குழாய் ஒட்டத் தெரியாது...

"ரீச்சர், மற்றத் துண்டை வெட்டுங்கோ."
வேறொரு பெட்டிக்குள் தலையை விட்டபடி
அகிலதாசன் சொன்னான்.
அவ்வளவுதான்.
பேசுவான் என்று காத்துநின்றேன்.
பேசவேயில்லை.
எனக்கு அந்தரமாய்ப் போயிற்று.

"உனக்கு நான் பேசியிருக்கிறேனோ?"
"ஓம். மரமண்டை எண்டு.
அதெல்லாம் மறந்து போட்டன்."
நட்டு ஒன்றைக் கழற்றி முடித்த பிறகு,
"இல்லை ரீச்சர், மறக்கேல்லை."
"பிழைதான் விட்டிட்டன்."
"ம்" என்றான்.
"அந்தத் துண்டு காணாது. கொஞ்சம் நீளமாய் வெட்டுங்கோ."

நாலாம் தரம் ஒட்டியது.
வடிவில்லை, சளி வடிந்ததுபோல ஒரு பொருக்கு.
சவர்க்கார நுரையைத் தடவினான்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
இடது ஓரத்தில்
மெல்ல ஒரு குமிழி ஊதியது.
"இந்த இடம் மட்டும்தான்" என்றான்,
சந்தோசமாய்.

இன்று இரவு கறியைச் சூடாக்கினேன்.
சட்டி பிடித்தபோதுதான்
பெருவிரலில் கொப்பளம் கண்டேன்.
கவனமில்லை உனக்கு என்று
வழக்கமான குரல் எழும்பியது.
எழும்பட்டும், அதற்கும் பதினேழு வருடப் பழக்கம்.

அது மூச்செடுத்த இடைவெளியில்
ஒருக்கால் கதைத்துப் பார்த்தேன்.
குசினியில் வேறு ஆளில்லை,
இருந்தும் வெட்கமாய் இருந்தது.

பிள்ளை, கை நோகுதோ?

பதில் வர
நேரம் எடுத்தது.

ஓம்.