பாதி மறைந்த இருக்கை

எஸ்பிளனேட்டில் மூன்றாம் மாடி, வலக்கோடி.
கம்பி மறைக்கும் என்று
சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள்.
விலை பாதி.
மேடையின் வலப்பக்கத்தில் என்ன நடந்ததென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
யாரோ செத்தார்கள். கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது.
துப்பாக்கியா, கடிதமா, யார் கண்டது.
நான் பார்த்ததெல்லாம்
ஒரு தொப்பி உருண்டு வந்ததை.

இடைவேளையில் இசைத்தட்டு வாங்கினேன்.
ஆங்கிலப் பாட்டுகள், இருபத்திரண்டு.
எனக்கு ஒன்று போதும்.
வாடகை பாக்கிக்காரி ஒருத்தி
மரப்படிக்கட்டில் ஏறிக்கொண்டே
படிக்கொரு சுரமாய்க் குரலையும் ஏற்றுவாள்.
எட்டாவது படியில் நின்று
இனி இறங்க மாட்டேன் என்பாள்.
எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுதான நாள்களில்
பதினோரு மாடி ஏறியிருக்கிறேன் அவளோடு.
எட்டாவது மாடியில் எனக்கு வாங்கியது மூச்சு.

"அம்மா, அவள் உச்சரிப்பு லண்டன்,
உன்னுடையது உட்லண்ட்ஸ்" என்கிறான் மகன்.
இருக்கட்டும்.
சம்பளம் கூட்டிக் கேட்கப் போன காலையில்,
ஸ்கேன் முடிவுக்காக டான் டோக் செங்கில்
எண் பலகையைப் பார்த்துக் கிடந்த மாலையில்,
உட்லண்ட்ஸ் உச்சரிப்பில்தான் முணுமுணுத்தேன்.

தூக்கம் வராத இரவுக்கு வேறொன்று.
தொடக்கநிலை நான்கில் படித்தபோது
செவ்வாய் எட்டரைக்கு வந்த தொடரின் முகப்பிசை.
ஒரு புல்லாங்குழல்,
பின்னால் மத்தளம்போல் ஏதோ மின்பெட்டி.
கதையா? ஒரு வக்கீல், ஒரு மீன்தொட்டி,
அதற்குமேல் நினைவில்லை.
ஆனால் குழல் எழுந்ததும்
உடம்பு கண்டுபிடித்துவிடும்:
வீட்டுப்பாடம் முடிந்தது. சீருடை தேய்த்தாயிற்று.
அப்பா துவாஸிலிருந்து வந்து
காலுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.
இனி யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள்.
நாற்பத்து மூன்று வயதுக்கு
அந்த நாற்பது விநாடி தாராளம்.

இன்று கார் ஓட்டும் தேர்வு. நான்காம் தடவை.
முதல் தடவை நடைபாதை விளிம்பு.
இரண்டாவது, நிறுத்தக் கோடு.
மூன்றாவதில் சாய்த்த ஆரஞ்சுக் கூம்பு
விழுந்த ஓசை மட்டும் சுருதி சுத்தம்.
"கவலைப்படாதே லா" என்று
ஹஸ்லிண்டா அனுப்பிய செய்தி பையில் இருக்கிறது.
தேர்வாளர் திரு. கோ வார் போட்டுக்கொண்டார்,
பேசவில்லை.

மேட்டில் நிறுத்தி எடுக்கும் இடம்.
படிக்கட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.
வரவில்லை. ஒரு சொல்கூட.
குழலைக் கூப்பிட்டேன், அதுவும் இல்லை.
வண்டி ஒரு விரற்கடை பின்னால் நழுவியது.

அப்போது வந்தது
இசைத்தட்டில் சேர்க்காமல் விட்ட ஒன்று.
விளக்கை அணைத்துக் காட்சி மாற்றும்
பன்னிரண்டு விநாடி.
தடித்த தந்தி ஒன்று தனியே உறும
கறுப்புச் சட்டைக்காரர்கள் இருட்டில்
படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.
இடப்பக்கத் திரையிடுக்கில் அவள்.
என் இருக்கைக்கு அது துல்லியமாகத் தெரிந்தது,
முழு விலைக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது.
தண்ணீர்ப் போத்தலை மூட வராமல்
யாரிடமோ நீட்டினாள்.
உள்ளங்கைகளைப் பாவாடையில் தேய்த்தாள்.
மறுபடியும் தேய்த்தாள்.
உதடு எதையோ சொன்னது, பாட்டில்லை,
கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும்.
பிறகு வெளிச்சத்துக்குள் நடந்தாள்.

கையைத் தொடையில் தேய்த்தேன்.
கிளட்ச் மெல்ல மேலே வந்தது.
என் தொண்டையில் அந்தத் தந்தி
வெளியே கேட்கும்படி உறுமியிருக்க வேண்டும்.
"என்ன பாட்டு?" என்றார் திரு. கோ,
சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
பாட்டில்லை, என்றேன்,
படிக்கட்டைத் தள்ளுகிறார்கள்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
வண்டி மேட்டில் ஏறியது.