இருபத்திரண்டாம் படி

வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தில்
பத்தொன்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவள் வெல்கா.
எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்பதில்
ஒருமுறையும் தவறியதில்லை.
அவளுக்குள்தான்
ஒரு பெட்டி இறங்காமலே கிடந்தது.

முந்நூற்று நாற்பத்திரண்டாம் இடத்தில்
ஒற்றை எழுத்துப் பிழை.
நுரையீரலுக்குக் காவல் போகவேண்டிய புரதம்
கோணிக்கொண்டு
பிறந்த கல்லீரலை விட்டுக் கிளம்ப மறுத்தது.
தேங்கித் தேங்கி அங்கே கல்லானது.
காவலில்லாத இடத்தில்
நுரை உடைந்தது, குமிழி குமிழியாக.
ஒரு பிழைக்கு இரண்டு வீட்டில் இழவு.

அண்ணன் இந்துலிஸுக்குக் கல் முந்திக்கொண்டது.
ஒரு மடக்கு பியர்கூடக் குடிக்காதவன்.
"குடித்தே கெட்டான்" என்றார்கள்
அடக்கத்துக்கு வந்தவர்கள்,
அவன் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே.

தலையெழுத்து என்று விட்டிருக்கலாம்.
தலையில் இல்லையே அந்த எழுத்து.

இரவுக் கப்பலேறி
பால்டிக்கைக் கடந்து ஸ்டாக்ஹோம் போனாள்.
முதல் தடவை
வைரஸ் ஒன்றைக் காலிசெய்து ஓடமாக்கியிருந்தார்கள்.
எந்தச் சிறுவயதிலோ
சத்தமில்லாமல் வந்துபோயிருக்கிறது அது;
ரத்தம் முகத்தை மறக்கவில்லை.
தகுதியில்லை என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.

மூன்று குளிர்காலம் கழித்துக் கூப்பிட்டபோது
ஓடம் ஒரு கொழுப்புத் துளி.

"கெட்டது நுரையீரல்.
மருந்து ஏன் கல்லீரலுக்கு?"

செவிலி குன்வோர் ஊசிமுனையைச் சரிபார்த்தபடி சொன்னாள்:
நேராக நுரையீரலுக்கு அனுப்பியதெல்லாம்
சளியில் சிக்கி இருமலில் திரும்பிவிட்டது.
கல்லீரல் அப்படியில்லை,
வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை வெல்காவுக்கு.
அலைக்கரையில் எவன் சரக்கிறக்குவான்?
துறைமுகத்தில் இறக்கு,
மிச்சத்தை ரத்தம் கொண்டுபோகும்.

இரண்டே முக்கால் மணிநேரம் சொட்டியது.
இரவெல்லாம் நடுக்கம்.
அவளுக்கு அடுத்துப் படுத்த டென்மார்க்காரருக்கு
ஈரல் நொதிகள் எகிறியதில்
ஏழு வாரம் சோதனையையே நிறுத்திவைத்தார்கள்.
வெளியே வரும்போது என்ன விலை என்று கேட்டாள்.
மருத்துவர் ஜன்னலைப் பார்த்தார்.

மகள் எல்சா போனில் கேட்டாள்:
"அப்போ எனக்கும் சரியாகிவிட்டதா?"
இல்லை கண்ணே.
திருத்தம் ஈரலோடு நிற்கும், கருவுக்கு இறங்காது.
உன்னிடம் என் பழைய எழுத்து ஒன்று
அப்படியேதான் இருக்கும்.

ரத்தத்தில் புரதம் ஐந்தாக இருந்தது.
இப்போது பதின்மூன்று.
பதினொன்று போதும் என்கிறார்கள்.
உடைந்த குமிழிகள் உடைந்தவைதான்,
அவற்றை ஒட்ட
இன்னும் எழுத்து கண்டுபிடிக்கப்படவில்லை.

வீடு நான்காம் மாடி, மின்தூக்கி கிடையாது.
முந்தைய வருடம் முப்பத்தொன்றாம் படியில்
மூச்சுக்கு நின்றாள்.
போன வருடம் இருபத்திரண்டில்.
இன்று
கையில் உருளைக்கிழங்குப் பையோடு
எண்ணிக்கொண்டே ஏறி
கைப்பிடியைப் பற்றி நிற்கிறாள்.

இருபத்திரண்டு.

அதே படி.
அதே படிதான்!
மூச்சு வந்ததும் சிரிக்கவேண்டும் என்று
நினைத்துக்கொள்கிறாள்.