பல்வலிக்காரன் வாக்குமூலம்

கடைவாய்ப் பல்லில் மூன்று நாளாக வலி.
கராம்பு கடித்தேன், சாராயம் கொப்பளித்தேன்,
எதற்கும் மசியவில்லை.
இதல்கஸ்ஹின்னவில் ராத்திரி முழுக்கப் பனி குடித்த
தண்டவாளத்தைவிடக் குளிர்ந்த பொருள்
அந்த மலையில் வேறில்லை.
சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக்
குனிந்து கன்னத்தை அதில் பொருத்தினேன்.

அதனால்தான் தெரிந்தது.
காதுக்கு முன்னால்
பல்லுக்குக் கேட்டது.

மேலிருந்து அந்நேரத்துக்கு வண்டி கிடையாது.
நான் எழும்பிக் கத்துவதற்கும்
டெப்லட் அறையில் மணி விடாமல் அடிப்பதற்கும் சரியாக இருந்தது.
ஸ்டேஷன் மாஸ்டர் ரணதுங்க வெளியே ஓடிவந்தார்,
ஒரு காலில் மட்டும் சப்பாத்து.

ஓஹியவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில்
கழற்றி நிறுத்திய நாலு பெட்டி
யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டன.
நாலிலும் கோதுமை மாவு.
லயத்து அடுப்புகளில்
பூனை படுத்துறங்கிய வருஷம் அது.
ஒரு சுண்டு மாவுக்குக்
கூப்பன் கடை வாசலில் விடிய விடிய நின்றோம்.

கீழே ஹப்புத்தளையிலிருந்து
பதுளை வண்டி ஏறிக்கொண்டிருந்தது,
மிதிபலகையிலும் ஆட்கள்.

மேஸ்திரி மருதவீரன் ஒரே ஒரு சொல் சொன்னான்:
"மண்ணு!"

நெருப்பு வாளி மணல்,
மண்வெட்டிக்கு வந்த சரளைப் பொடி,
மாஸ்டர் சம்சாரம் ரோஜாவுக்குக் கட்டியிருந்த பாத்தி,
எல்லாம் தண்டவாளத்தின் மேல்.
அந்த அம்மாவே கூடையில் அள்ளி வந்து கொட்டினார்.
ஹீன்பண்டா சிவப்புக் கொடியோடு கீழே ஓடினான்,
அவிழ்ந்த சாரத்தைப் பல்லால் கடித்தபடி.

சுரங்கத்திலிருந்து வந்தது.
கூவல் இல்லை. விளக்கு இல்லை. புகை இல்லை.
அதுவரை
ரயிலை ஆள்தான் ஓட்டுகிறான் என்று நினைத்திருந்தேன்.
அன்று ஓட்டியது மலை.

மண்ணில் ஏறியதும் சக்கரங்கள்
அறுபடும் பன்றியைப் போல அலறின.
ஸ்டேஷன் சமதரையில் வேகம் உதிர்ந்து உதிர்ந்து
ஒரு மனுஷன் ஓடக்கூடிய அளவுக்கு வந்தது.
செபமாலை ஓடினான்.
முதல் பெட்டியின் பிரேக் கம்பியில் தாவி ஏறி நின்றான்.

கம்பி இறங்கவில்லை.
அவனுடைய எடை அதற்குப் போதவில்லை.

அவன் இடுப்பைப் பிடித்து நானும் ஏறினேன்.
பாதிதான் இறங்கியது.
பிறகு மருதவீரன்,
யாருடைய தாயையோ திட்டிக்கொண்டு
எங்கள் இருவர் முதுகிலும் விழுந்தான்.
மூன்று பசி சேர்ந்தபோது
ஒரு ஆள் கனம் வந்தது.
கட்டை சக்கரத்தைக் கவ்வியது.
கருகிய வாசம்.
அப்புறம்
குருவிச் சத்தம்கூடக் கேட்கும் அமைதி.

மறுபடி சரிவு தொடங்கப் பன்னிரண்டடி மிச்சம்.
பின்னால் நாடா பிடித்து அளந்து சொன்னார்கள்.
கீழே, வளைவில், பதுளை வண்டி நின்றிருந்தது.
அதன் முன்னால் ஸ்லீப்பர் கட்டையில் உட்கார்ந்து
ஹீன்பண்டா வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்.
ஜன்னலில் தலைநீட்டிய ஒருவர்
ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டாராம்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து மழைக்கோட்டுப் போட்டவர் வந்தார்.
மேஸ்திரி பெயரை எழுதிக்கொண்டார்.
எங்களுக்கு "மற்றும் மூவர்" போதுமென்றார்.
மூட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினார்.
ஒன்று குறைந்தது.
"குலுங்கியதில் சிதறியிருக்குமோ?"
"ஆமாங்கய்யா" என்றோம், நாலு பேரும்,
ஹீன்பண்டா சிங்களத்தில்.

இப்போது சொல்கிறேன்:
குறைந்தது ரெண்டு.
அவர் எண்ணும்போது பனி இறங்கிவிட்டது.

அன்றிரவு லயம் முழுக்க ரொட்டி தட்டும் சத்தம்.
மாஸ்டர் வீட்டுப் பின்கதவிலும்
ஒரு பொட்டலம் வைத்துவிட்டு வந்தோம்.
எனக்குப் பல்வலி நிற்கவில்லை.
மறுபக்கத்தால் மென்றேன்.