நீலப் பூப் போட்ட டைல்ஸ்

முதலில் குதிரை போயிற்று.
திபிலிசி நிதிக் குழுவில்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர்
"குதிரை இல்லாமல் சொல்ல முடியாதா?" என்றார்.
முடியும் என்றாள் நெஸ்தான்.
பட்ஜெட்டில் ஒரு கோடு இழுத்தேன்:
குதிரை, குதிரைக்காரர், தீவனம்.
முடியாது என்று குழு சொன்னது
இரண்டு வாரம் கழித்து, தபாலில்.

அப்புறம் கல்யாண ஊர்வலம்.
அப்புறம் இரவுகள்.
இரவுக்கு விளக்கு வாடகை, பகல் சும்மா கிடைக்கிறது.
பதினோரு பேர் இருந்த குடும்பத்தில்
பெரியப்பா போலந்துக்கு வேலைக்குப் போனார்,
இரட்டையரில் ஒருத்தி பிறக்கவே இல்லை.
மார்ச் வாக்கில்
அப்பா, மகள், ஒரு சமையலறை
மிச்சம்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
எனக்குக் கதை புரியாது என்பார்கள்.
யார் யார் செத்தார்கள் என்று
எனக்குத்தான் முதலில் தெரியும்.

இன்னும் நாற்பதாயிரம் லாரி வேண்டும்.
லாரி என்பது இங்கே பணத்தின் பெயர்.
சக்கரம் கிடையாது,
ஆனாலும் நம் வாசலில் நிற்காமல் ஓடிவிடும்.

பெர்லினில் ஒரு மேசை, பதினைந்து நிமிடம்.
எதிரே இருந்த பெண்மணி கண்கலங்கினாள்,
முகவரி அட்டை கொடுத்தாள்.
அந்தக் கண்ணீரை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
நெஸ்தானின் அண்ணன் காரை விற்றான்.
பல் டாக்டர் ஒருவர் தன் மனைவிக்கு வேடம் கேட்டார்.
கொடுத்தோம்.
மனைவி மாட்டேன் என்றுவிட்டாள்.

கடைசியில் முர்மான்.
குத்தாயிசியில், ரியோனி ஆற்றுப் பக்கம்,
மூன்று மாடி டைல்ஸ் கடை.
கதை கேட்கவில்லை.
காப்பி வரவழைத்தார், கால்குலேட்டரை ஒதுக்கினார்.
"சமையலறை என்றீர்களே,
சுவர் என்ன கலர்?"

கலரே இல்லாத சுவர் அது.
காரை பெயர்ந்து, கரி படிந்து,
மாதக் கடைசியில் ரொட்டியை எண்ணுகிற வீட்டின் சுவர்.
அதில்
தரையிலிருந்து கூரை வரை
நீலப் பூப் போட்ட டைல்ஸ்.
அதுதான் நிபந்தனை.
ஒட்டித் தர ஆளும் அவரே அனுப்புவார்.
நாற்பதாயிரமும் ரொக்கம்.

திரும்பும் வேனில் நெஸ்தான் பேசவில்லை.
ஸெஸ்தாபோனி தாண்டியதும்
ஜன்னலைப் பார்த்தே சொன்னாள்:
"அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர்.
எட்டு மாதக் கூலி பாக்கி.
முதலாளி பணத்துக்குப் பதில்
பெட்டி பெட்டியாக டைல்ஸ் தந்தான்.
தின்ன முடியாது. வாங்க ஆளில்லை.
ஒட்டினார்."

வேன் ரிகோத்தி சுரங்கத்துக்குள் நுழைந்தது.
இருட்டில், மடியில் நோட்டு.
எதையும் அடிக்காமல்
முதல் தடவையாக ஒரு வரி சேர்த்தேன்:
டைல்ஸ், நாற்பது பெட்டி. உபயம்: முர்மான்.
செலவு: இல்லை.

பதினான்கு மாதம் கழித்துத் திரையிட்டோம்.
முன்வரிசையில் முர்மான், தம்பிகள், சம்பந்தி வீட்டார்.
மகள் பசியோடு
சுவர்ப் பூக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள்.
"நம்ம சரக்கு, நம்ம சரக்கு" என்று
பக்கத்து நாற்காலியை இடித்தார் முர்மான்.
"கூலிக்கு இதையா கொடுத்தான்?"
என்று அவள் கேட்கும்போது
விழுந்து விழுந்து சிரித்தார்.
அரங்கமும் சேர்ந்து சிரித்தது.

பின்வரிசையில் குராம்.
அந்தச் சுவரை ஒட்டியவர்,
எங்கள் நடிகருக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லித் தந்தவர்.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார்.
முகங்களை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை.
சுவரைத்தான்.
அடுப்புக்கு மேலே ஒரு டைல்
நூலளவு சாய்ந்திருப்பது
அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

விளக்குப் போட்டதும் வாசலுக்கு வந்தார்.
"கணக்கு நீங்கள்தானே?"
ஆமாம் என்றேன்.
"என் பதினாறு நாள்
உங்கள் நோட்டில் இருக்கிறதா,
அவர் நோட்டில் இருக்கிறதா?"

பைக்குள் இருந்ததை எடுத்துப் பிரித்தேன்.
குதிரை இருந்தது,
இழுத்த கோட்டுக்கு அடியில் தெளிவாக.
இரவுகள் இருந்தன. பிறக்காத பெண் இருந்தாள்.
குராம் என்ற பெயரை
நான் அடிக்கக்கூட இல்லை.